எக்மோ படுக்கையருகில்: நுரையீரலைத் தவிர்த்து ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் முறை

இது ஐசியூவில் பணிபுரியும் செவிலியர், டூட்டி டாக்டர், எக்மோ இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷன் டெக்னீஷியன் ஆகியோருக்கானது. நுரையீரல் முற்றிலும் செயலிழந்த பெரியவருக்கு வீனோ-வீனஸ் எக்மோ (சிரையிலிருந்து ரத்தத்தை எடுத்து, வெளியே ஆக்சிஜன் ஏற்றி, சிரைக்கே திருப்புவது) போட்டு ஓட்டுவதைப் பற்றி மட்டும் பேசுகிறோம். இதயமும் நின்றுபோனவருக்குப் போடும் வீனோ-ஆர்டீரியல் எக்மோ (சிரையில் எடுத்துத் தமனிக்குத் திருப்புவது) வேறு வகை. அதன் ஆபத்துகளும் வேறு. உங்கள் மருத்துவமனையின் எழுதப்பட்ட நெறிமுறை இங்கே உள்ள எண்களிலிருந்து மாறுபட்டால், நெறிமுறையையே பின்பற்றுங்கள்.

முதலில் கணக்கு

ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மி.லி. ஆக்சிஜனைச் சுமக்கும். ஹீமோகுளோபின் 15 (100 மி.லி. ரத்தத்தில் 15 கிராம்) உள்ளவரின் 100 மி.லி. தமனி ரத்தத்தில் ஏறத்தாழ 20 மி.லி. ஆக்சிஜன் இருக்கும். அதில் பிளாஸ்மாவில் கரைந்திருப்பது வெறும் 0.3 மி.லி. அசைவற்றுப் படுத்திருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 250 மி.லி. அளவுக்கு ஆக்சிஜன் தேவை. இந்த 250-ஐத்தான் இயந்திரம் கொடுத்தாக வேண்டும்.

கொடுக்குமா என்று பார்ப்போம். பம்ப் ஓட்டம் நிமிடத்துக்கு 4 லிட்டர். ஹீமோகுளோபின் 10. ஆக்சிஜனேட்டருக்குள் (சவ்வு வழியாக ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் பகுதி) நுழையும் ரத்தத்தின் சாச்சுரேஷன், அதாவது ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் ஏறியிருக்கும் பங்கு, 65%, வெளியேறும்போது 100%. இந்த 35% இடைவெளியில் 100 மி.லி. ரத்தம் 4.7 மி.லி. ஆக்சிஜனை ஏற்கிறது. வெளியேறும் ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தம் 400 மி.மீ. பாதரசம் என்றால், கரைந்த நிலையில் இன்னும் 1.1 மி.லி. சேரும். ஆக லிட்டருக்கு 58 மி.லி., 4 லிட்டருக்கு 232 மி.லி. தேவைக்குக் கொஞ்சம் குறைவு. ஓட்டத்தை 5 லிட்டராக்கினால் 290 ஆகிவிடும். ஓட்டம் 4-லேயே நிற்க, ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கினால் 195-க்கு வந்துவிடும்.

இந்தக் கணக்கில் ஸ்வீப் கேஸின் (ஆக்சிஜனேட்டர் சவ்வின் மறுபக்கம் ஓடும் வாயு) அளவு எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். சாச்சுரேஷன் இறங்கியதும் பழகாத கை முதலில் போவது ஸ்வீப் குமிழுக்குத்தான். அது பயன் தராது. ஆக்சிஜனைத் தீர்மானிப்பவை பம்ப் ஓட்டமும் ஹீமோகுளோபினும். ஸ்வீப் கேஸ் தீர்மானிப்பது கார்பன் டை ஆக்சைடை. கார்பன் டை ஆக்சைடு எளிதில் ஊடுருவும் வாயு என்பதால், சவ்வின் மறுபக்கம் வாயு எவ்வளவு வேகமாக அடித்துச் செல்கிறதோ அவ்வளவும் வெளியேறிவிடும். புதிதாகச் சேரும் செவிலியருக்கு வேறு எதையும் கற்பிக்கும் முன் இதைக் கற்பியுங்கள்.

யாருக்கு, எப்போது

வென்டிலேட்டரைச் சரியாக அமைத்து, தசைத்தளர்வு மருந்து கொடுத்து, குப்புறப் படுக்க வைத்துப் பார்த்த பிறகே எக்மோ பேச்சு வர வேண்டும். குப்புறப் படுக்க வைக்காமலே எக்மோவுக்குப் போவதை நாங்கள் ஏற்பதில்லை. 2018-ல் வெளியான இயோலியா ஆய்வு வைத்த எல்லைகள் இன்றும் பயன்படுகின்றன: தமனி ஆக்சிஜன் அழுத்தத்தை உள்ளிழுக்கும் ஆக்சிஜன் பின்னத்தால் வகுத்தால் வரும் எண் 50-க்குக் கீழே 3 மணி நேரத்துக்கு மேல், அல்லது 80-க்குக் கீழே 6 மணி நேரத்துக்கு மேல், அல்லது பி.எச். 7.25-க்குக் கீழே இருக்கக் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 60-க்குக் குறையாமல் 6 மணி நேரத்துக்கு மேல். அந்த ஆய்வில் 60 நாளில் இறந்தோர் எக்மோ குழுவில் 35%, வென்டிலேட்டர் சிகிச்சையில் தொடங்கிய மற்றக் குழுவில் 46%. இந்த வேறுபாடு புள்ளியியல் உறுதியின் எல்லையைத் தொடவில்லை. ஆனாலும் மற்றக் குழுவில் நான்கில் ஒருவருக்கு மேல் நிலைமை மோசமாகி எக்மோவுக்கே மாற்றப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அதிக அழுத்தத்தில் வென்டிலேட்டர் 7 நாளுக்கு மேல் ஓடியிருந்தால் பலன் குறையும். மூளைக்குள் ரத்தக்கசிவு உள்ளவர், மீளவே முடியாத நுரையீரல் நோயோடு மாற்று நுரையீரலுக்கும் தகுதியில்லாதவர் ஆகியோருக்குப் போடுவது துன்பத்தை நீட்டிப்பதாகவே முடியும்.

சர்க்யூட்டை நிரப்புதல்

பெரியவர் சர்க்யூட்டின் (குழாய், பம்ப், ஆக்சிஜனேட்டர் சேர்ந்த சுற்று) குழாய் 3/8 அங்குலம். நிரப்பத் தேவைப்படும் திரவம் மாடலைப் பொறுத்து 500 முதல் 700 மி.லி. வரை. முதலில் சர்க்யூட்டுக்குள் கார்பன் டை ஆக்சைடைச் சில நிமிடம் ஓடவிட்டால் காற்றின் நைட்ரஜன் வெளியேறிவிடும். மிச்சமிருக்கும் குமிழ் கார்பன் டை ஆக்சைடாக இருப்பதால் திரவத்தில் கரைந்து மறையும். பிறகு திரவப் பையை உயரத்தில் தொங்கவிட்டு, பம்பைச் சுழற்றாமல் ஈர்ப்பு விசையிலேயே நிரப்புங்கள். பம்ப் தலையில் காற்று இருக்கும்போதே சுழற்றினால் அது நுரையாக உடைந்துவிடும். பிறகு அதை எடுக்கவே முடியாது.

நிரம்பியதும் ஆக்சிஜனேட்டரைக் கையால் தட்டித் தட்டி ஒட்டியிருக்கும் குமிழ்களை மேலே ஏற்றி வெளியேற்றுங்கள். கனெக்டர் ஒவ்வொன்றிலும் கேபிள் டை போட்டு இறுக்குங்கள். ஓட்ட சென்சாரைப் பூஜ்யம் செய்யுங்கள். இரண்டு குழாயையும் கிளாம்ப் செய்யுங்கள். ஆக்சிஜனேட்டர் எப்போதும் நோயாளியின் மட்டத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். மேலே போனால் ரத்தப் பக்கத்து அழுத்தம் வாயுப் பக்கத்தைவிடக் குறைந்து, சவ்வு வழியாகக் காற்று ரத்தத்துக்குள் வரும். வாயு வெளியேறும் துளையை அடைத்தாலும் இதே விபத்துதான். அந்தத் துளைமீது பிளாஸ்திரி, துணி, போர்வை எதுவும் படக் கூடாது.

கேனுலா

வழக்கமான அமைப்பில், ரத்தத்தை இழுக்கும் கேனுலா, அதாவது சிரைக்குள் செருகும் தடித்த குழாய், தொடைச் சிரையில் (23 முதல் 29 ஃப்ரெஞ்ச்), திருப்பி அனுப்பும் கேனுலா வலக் கழுத்துச் சிரையில் (17 முதல் 21 ஃப்ரெஞ்ச்). 3 ஃப்ரெஞ்ச் என்றால் 1 மி.மீ. விட்டம். ஆகவே 25 ஃப்ரெஞ்ச் கேனுலா 8 மி.மீ.-க்குச் சற்று மேல். அதைவிடக் குறுகிய சிரைக்குள் திணித்தால் கிழியும். அல்ட்ராசவுண்டில் முதலிலேயே சிரையை அளந்து அளவைத் தேர்ந்தெடுங்கள். ஓட்டத்துக்கு வரம்பு கட்டுவது பெரும்பாலும் இழுக்கும் கேனுலாவின் அளவுதான் என்பதால், அதில் கஞ்சத்தனம் காட்ட வேண்டாம்.

கேனுலாவுக்கு வழிகாட்டும் கைட் ஒயர் உள்ளே போனதும் எக்கோவிலோ ஃப்ளூரோஸ்கோப்பியிலோ பார்த்துக்கொண்டே இருங்கள். துளையை அகலமாக்கும் டைலேட்டர் ஒவ்வொன்றும் போகும்போது ஒயரை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். தடையின்றி நகர்ந்தால் மட்டும் மேலே தள்ளுங்கள். வளைந்த ஒயர்மீது தள்ளப்பட்ட டைலேட்டர் சிரையையோ இதயத்தையோ குத்திவிடும். ஒயர் உள்ளே போன பிறகு, டைலேட்டருக்கு முன், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபரின் போலஸ் (ஒரே தவணையில்) கிலோவுக்கு 50 முதல் 100 யூனிட்.

இணைக்கும் தருணத்தில் அவசரம் கூடாது. ஒருவர் கேனுலாவின் வாயையும் சர்க்யூட்டின் வாயையும் நேருக்கு நேர் பிடிக்க, இன்னொருவர் சிரிஞ்சில் சலைனை இடைவிடாமல் ஊற்ற, இரண்டு விளிம்பிலும் திரவம் பொங்கி நிற்கும்போதே இணையுங்கள். கனெக்டருக்குள் ஒரு குமிழ் தெரிந்தாலும் பிரித்துத் திரும்பச் செய்யுங்கள்.

ஓடவிடுதல்

பம்பை 1500 முதல் 2000 சுழற்சிக்கு ஏற்றிய பிறகே கிளாம்ப்களை எடுங்கள். சில நிமிடங்களில் ஓட்டத்தைப் படிப்படியாகக் கிலோவுக்கு 60 முதல் 80 மி.லி. அளவுக்குக் கொண்டுபோங்கள். சலைன் கலந்து ரத்தம் நீர்த்துப்போவதால் ரத்த அழுத்தம் சற்று இறங்கும். ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் தயாராக இருக்கட்டும்.

ஸ்வீப் கேஸ் 100% ஆக்சிஜனில், நிமிடத்துக்கு 1 முதல் 2 லிட்டரில் தொடங்குங்கள். கார்பன் டை ஆக்சைடு 90, 100 என்று நின்றிருந்தவருக்கு அதை ஒரு மணி நேரத்தில் 40-க்கு இறக்கிவிட இந்த இயந்திரத்தால் முடியும். செய்யக் கூடாது. மூளை ரத்தக்குழாய்கள் சட்டென்று சுருங்கிவிடும். முதல் நாளில் பாதிக்கும் கீழே இறங்கியவர்களிடம் மூளை ரத்தக்கசிவும் பக்கவாதமும் கூடுதலாகக் காணப்பட்டிருக்கின்றன. அரை மணிக்கு ஒருமுறை ரத்த வாயுப் பரிசோதனை பார்த்து, ஸ்வீப்பை அரை லிட்டர் அரை லிட்டராக ஏற்றுங்கள்.

சாச்சுரேஷன் ஏறியதும் வென்டிலேட்டரை ஓய்வு நிலைக்கு இறக்குங்கள்: பிளாட்டோ அழுத்தம் (மூச்சு உள்ளே நின்றிருக்கும்போது நுரையீரலில் உள்ள அழுத்தம்) 25-க்கு மேல் போகாமல், பீப் (மூச்சு வெளியேறிய பின்னும் மிஞ்சவிடும் அழுத்தம்) 10 அளவில், மூச்சு எண்ணிக்கை 10, ஆக்சிஜன் 30 முதல் 50%. எக்மோ போட்டதன் நோக்கமே நுரையீரலை இந்த அடியிலிருந்து விடுவிப்பது. எக்மோவும் ஓட, வென்டிலேட்டரும் பழைய அழுத்தத்திலேயே ஓட விட்டால், கேனுலாவின் எல்லா ஆபத்தையும் வாங்கிக்கொண்டு பலனைக் கைவிட்டதாகும்.

தினசரிக் கவனம்: கண், கை, பிறகு மானிட்டர்

ஷிஃப்ட் மாறும்போது முதல் வேலை இரண்டு குழாய்களையும் பக்கத்துப் பக்கத்தில் பிடித்து நிறம் பார்ப்பது. இழுக்கும் குழாய் கருஞ்சிவப்பு, திருப்பி அனுப்பும் குழாய் பளிச்சென்ற சிவப்பு. இரண்டும் கருஞ்சிவப்பாக இருந்தால் ஆக்சிஜனேட்டருக்கு வாயு போகவில்லை. ஸ்வீப் குழாய் கழன்று விழுந்திருக்கும், அல்லது சிலிண்டர் காலி. இரண்டும் பளிச்சென்று இருக்க, நோயாளியின் விரலில் சாச்சுரேஷன் மட்டும் விழுந்தால் அது ரீசர்க்குலேஷன்: திருப்பி அனுப்பிய ரத்தத்தையே இழுக்கும் கேனுலா மறுபடி உறிஞ்சிக்கொள்கிறது. எக்ஸ்ரேயில் இரண்டு கேனுலாக்களின் நுனிகளுக்கு இடையிலான தூரத்தைப் பாருங்கள். நெருங்கியிருந்தால் எக்கோ பார்த்துக்கொண்டே சற்று இழுத்துச் சரிசெய்ய வேண்டும். தேவைக்கு மேல் பம்ப் வேகத்தை ஏற்றினாலும் ரீசர்க்குலேஷன் கூடும். அப்போது வேகத்தைக் குறைத்தால் சாச்சுரேஷன் ஏறும்.

அடுத்து டார்ச் விளக்கு. ஆக்சிஜனேட்டரின் மூலைகளிலும் கனெக்டர்களிலும் அடித்துப் பாருங்கள். வெள்ளை இழை ஃபைப்ரின். கருப்புப் புள்ளி ரத்தக்கட்டி. ஆக்சிஜனேட்டருக்கு முன்னால் இருக்கும் சிறு கட்டியைக் குறித்துவைத்துக் கவனித்தால் போதும். பின்னால், நோயாளியை நோக்கிய பக்கத்தில், அசைகிற கட்டி இருந்தால் உடனே சொல்லுங்கள். அளவை ஷீட்டில் எழுதுங்கள். நேற்றைவிட வளர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அழுத்தங்கள் மூன்று. இழுக்கும் பக்கம் மைனஸ் 100 மி.மீ.-க்குக் கீழே போக வேண்டாம். திருப்பி அனுப்பும் பக்கம் 300-க்கு மேல் போக வேண்டாம். ஆக்சிஜனேட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம் அதே ஓட்டத்தில் நாளுக்கு நாள் ஏறினால் உள்ளே கட்டி அடைக்கிறது. ஒற்றை எண்ணைவிட அதன் போக்குதான் பேசும்.

இழுக்கும் குழாய் நடுங்கித் துள்ளினால், ஓட்ட எண் மேலும் கீழும் ஆடினால், சிரையில் ரத்தம் போதவில்லை. காலியாகும் ஜூஸ் பாக்கெட்டை உறிஞ்சும்போது பக்கங்கள் ஒட்டிக்கொள்வதுபோல, சிரையின் சுவர் கேனுலாவின் துளைகளில் ஒட்டிக்கொள்கிறது. வேகத்தை ஏற்றினால் இன்னும் மோசமாகும், சிவப்பணுக்களும் உடையும். முதலில் வேகத்தைக் குறையுங்கள். பிறகு காரணம் தேடுங்கள்: இருமல், வயிறு உப்புசம், ரத்தக்கசிவு, நியூமோதொராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்குவது), மடங்கிய குழாய், அல்லது உண்மையிலேயே திரவக் குறைவு. நடுக்கம் கண்டதும் பழக்கத்தில் 500 மி.லி. சலைன் ஓட்டுவது இந்த நோயாளிகளுக்குத் தீங்கு. ஈர நுரையீரல் இன்னும் ஈரமாகும்.

ஆக்சிஜனேட்டரின் வாயுப் பக்கத்தில் நீராவி குளிர்ந்து தண்ணீர் தேங்கும். மருத்துவமனை நெறிமுறைப்படி, ஸ்வீப்பை 10 லிட்டருக்குச் சில விநாடிகள் ஏற்றி இறக்கி அதை ஊதி வெளியேற்றுவார்கள். மறக்காமல் பழைய எண்ணுக்குத் திருப்புங்கள். 10-லேயே விட்டுவிட்டால் ஒரு மணி நேரத்தில் கார்பன் டை ஆக்சைடு பாதாளத்துக்குப் போய்விடும்.

ஹெபரின் வழக்கமாகக் கிலோவுக்கு மணிக்கு 7.5 முதல் 20 யூனிட் வரை. ஹெபரினின் வீரியத்தைக் காட்டும் ஆன்டி-டென்-ஏ அளவு பார்க்கும் இடங்களில் 0.3 முதல் 0.7-க்குள் வைப்பார்கள். ரத்தம் கசிந்தால் ஹெபரினை நிறுத்தியே ஓட்டலாம். ஓட்டம் 3 லிட்டருக்கு மேல் இருக்கும்வரை வீனோ-வீனஸ் சர்க்யூட் இதைத் தாங்கும். சிறுநீர் கட்டன் சாயா நிறமானால் சிவப்பணு உடைகிறது. பிளாஸ்மா ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 50 மி.கி.-க்கு மேல் என்றால் பம்ப் தலையில் கட்டி இருக்கிறதா, உறிஞ்சல் அழுத்தம் அதிகமா என்று பாருங்கள். பம்ப் தலையிலிருந்து வழக்கமில்லாத ஒலி வந்தால் அதுவே போதுமான எச்சரிக்கை.

இரண்டு சின்ன விஷயங்கள். ஹீட் எக்ஸ்சேஞ்சர் ரத்தத்தை 37 டிகிரியில் வைத்திருப்பதால் காய்ச்சல் மறைந்துவிடும். தொற்றைக் கண்டுபிடிக்க வெப்பமானியை நம்பாதீர்கள். ஃபென்டானில், மிடாசோலாம் போன்ற கொழுப்பில் கரையும் மருந்துகள் குழாயிலும் சவ்விலும் ஒட்டிக்கொள்வதால் வழக்கத்தைவிடக் கூடுதல் அளவு தேவைப்படலாம்.

சாச்சுரேஷன் விழுந்தால்

முதலில் ஆக்சிஜனேட்டருக்குப் பின்னால் ரத்த வாயு எடுங்கள். 100% ஸ்வீப் ஆக்சிஜனில் அங்கே ஆக்சிஜன் அழுத்தம் 200-க்குக் கீழே என்றால் ஆக்சிஜனேட்டர் தளர்கிறது, மாற்றத் தயாராகுங்கள். 350, 400 என்றிருந்தால் இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது. குறை வேறெங்கோ.

பெரும்பாலும் அது இதயத்தின் வெளியீட்டில் இருக்கும். இதயம் நிமிடத்துக்கு 6 லிட்டர் தள்ளும்போது 4 லிட்டர் எக்மோ வழியாகவும் 2 லிட்டர் அப்படியேயும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு பங்கு 100%, இரண்டு பங்கு 65%, கலவை 88%. செப்சிஸில் (உடலெங்கும் பாதிக்கும் கடும் தொற்று) இதயம் 9 லிட்டர் தள்ளினால், அதே 4 லிட்டரோடு 5 லிட்டர் கறுத்த ரத்தம் கலக்கிறது. கலவை 80%-க்கு விழுந்துவிடும். இயந்திரத்தில் எதுவும் மாறவில்லை. இங்கே செய்ய வேண்டியது காய்ச்சலைக் குறைப்பது, மயக்க மருந்தைக் கூட்டுவது, நடுக்கத்தை நிறுத்துவது, இடமிருந்தால் ஓட்டத்தை ஏற்றுவது. வீனோ-வீனஸில் 85 முதல் 88% சாச்சுரேஷன், லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாவிட்டால் ஏறும் அளவு) ஏறாமல், சிறுநீர் வந்துகொண்டிருந்தால் ஏற்கத்தக்கதே. 98% தேடி வென்டிலேட்டரை ஏற்றாதீர்கள்.

அவசரங்கள்

படுக்கையருகே எப்போதும் நான்கு குழாய்க் கிளாம்ப், கைச்சுழற்றி, முழு ஆக்சிஜன் சிலிண்டர், டார்ச். கிளாம்ப்கள் தள்ளுவண்டியில் கண்ணுக்குத் தெரியும்படி தொங்க வேண்டும், டிராயருக்குள் அல்ல.

குழாயில் காற்று தெரிந்தால்: நோயாளிக்குத் திரும்பும் குழாயை, அவர் உடலுக்கு அருகில், முதலில் கிளாம்ப் செய்யுங்கள். பம்பை நிறுத்துங்கள். இழுக்கும் குழாயையும் கிளாம்ப் செய்யுங்கள். வென்டிலேட்டரில் 100% ஆக்சிஜன், பழைய அழுத்தம். தலைப்பக்கத்தைத் தாழ்த்துங்கள். பிறகே காற்று வந்த வழியைத் தேடுங்கள். பெரும்பாலும் அது பம்புக்கு முன்னால் உள்ள திறந்த ஸ்டாப்காக்காக (குழாயில் உள்ள சிறு திருகு வால்வு) இருக்கும், அல்லது மூடி கழன்ற சென்ட்ரல் லைன். பம்ப் உறிஞ்சும்போது மார்புச் சிரைகளில் அழுத்தம் எதிர்மறையாகும். சென்ட்ரல் லைனின் மூடியைத் திறந்த நொடியில் காற்று உள்ளே போய்விடும். பம்புக்கு முன்பக்கத்தில் மருந்து ஏற்றுவதையும் ரத்தம் எடுப்பதையும் தவிருங்கள்.

பம்ப் நின்றால்: திரும்பும் குழாயைக் கிளாம்ப் செய்து, வென்டிலேட்டரை ஏற்றி, பம்ப் தலையைக் கைச்சுழற்றிக்கு மாற்றி, வேகம் ஏறிய பிறகு கிளாம்பை எடுங்கள். ஒருவர் சுழற்ற, ஒருவர் ஓட்ட எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை தண்ணீர் நிரப்பிய சர்க்யூட்டில் பழகாத குழு, அன்றைக்கு அதைச் சரியாகச் செய்யாது.

நோயாளியை சி.டி.க்குக் கொண்டுபோகும் முன் சிலிண்டர் கணக்குப் போடுங்கள். நம் ஊரில் பயன்படும் பி டைப் சிலிண்டரில் 1500 லிட்டர். ஸ்வீப் 6, வென்டிலேட்டர் 12 என்றால் நிமிடத்துக்கு 18. முழு சிலிண்டர் 80 நிமிடம் சொச்சம்தான். லிஃப்ட் வராத நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எப்போதும் இரண்டு சிலிண்டர்.

உறவினர்களிடம்

2016 டிசம்பரில் ஜெயலலிதாவுக்கும், 2020-ல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கும் எக்மோ போடப்பட்ட செய்திகளால்தான் இந்தப் பெயர் தமிழ்நாட்டு வீடுகளுக்குத் தெரியும். அதனால் எக்மோ என்றதுமே குடும்பம் கடைசிக் கட்டம் என்று உடைந்துபோகும். முன்னவருக்குப் போட்டது இதயம் நின்றதற்காக, பின்னவருக்குக் கொரோனா தாக்கிய நுரையீரலுக்காக என்ற வேறுபாட்டைப் பொறுமையாகச் சொல்லுங்கள். நுரையீரலுக்காக எக்மோ போடப்படும் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பிழைத்து வீடு திரும்புகிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். ஆனால் இயந்திரம் நோயைக் குணமாக்காது, நுரையீரல் தானாகத் தேற அவகாசம் மட்டுமே தரும் என்பதையும், தேறாவிட்டால் நிறுத்த வேண்டி வரும் என்பதையும் போடும் முன்பே சொல்லியாக வேண்டும். இருபதாம் நாளில் முதல்முறையாக அதைக் கேட்பது குடும்பத்துக்குப் பெருங்கொடுமை.

எடுத்தல்

எக்ஸ்ரே தெளியத் தொடங்கி, ஒவ்வொரு மூச்சின் கொள்ளளவும் கூடினால் சோதியுங்கள். ரத்த ஓட்டத்தைக் குறைக்க வேண்டாம், குறைந்த ஓட்டத்தில் கட்டி உருவாகும். ஓட்டம் அப்படியே இருக்க, ஸ்வீப்பை மட்டும் படிப்படியாகக் குறைத்து முழுவதும் மூடுங்கள். அப்போது சர்க்யூட் வெறும் சுற்று. நுரையீரலே முழு வேலையும் செய்கிறது. இரண்டு குழாயும் ஒரே கருஞ்சிவப்பாவது இங்கே எதிர்பார்த்ததுதான். வென்டிலேட்டர் ஆக்சிஜன் 50 முதல் 60%-க்குள், பிளாட்டோ 28-க்குள், மூச்சிரைப்பு இல்லாமல், ரத்த வாயு பல மணி நேரம் நிலைத்திருந்தால் எடுக்கலாம்.

ஹெபரினை நிறுத்தி, கேனுலாவைச் சுற்றி ஒரு பர்ஸ்-ஸ்ட்ரிங் தையல் போட்டு, பம்பை நிறுத்தி, இரண்டு குழாயையும் கிளாம்ப் செய்து, தட்டையாகப் படுக்க வைத்து இழுங்கள். தானாக மூச்சுவிடுபவரின் கழுத்துக் கேனுலாவை, மூச்சை அடக்கியிருக்கும்போது எடுக்க வேண்டும். மூச்சை இழுக்கும் நேரத்தில் துளை வழியாகக் காற்று போய்விடும். அரை மணி நேரம் அழுத்திப் பிடியுங்கள். கேனுலா இருந்த சிரைகளில் ரத்தக்கட்டி தங்குவது மிகவும் சாதாரணம் என்பதால், எடுத்த ஓரிரு நாளில் தொடையிலும் கழுத்திலும் டாப்ளர் பார்த்து, இருந்தால் ரத்தம் உறையா மருந்தைத் தொடருங்கள்.